வேலை செய்யும் கை

பேத்தமங்களாவைச் சுற்றி போர்வெல் வைத்திருக்கும் விவசாயிகளில் கதிரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆண்டர்சன்பேட்டையில் டென்சில் கடையில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். ஆழத்தில் கிடந்து எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கம்பியை ஒவ்வொரு துளையிலும் கையாலேயே கோத்து இழுத்து, மறுபடி ஓட வைத்துக் கொடுப்பான். முப்பதைத் தாண்டிய வயது, குட்டையான கனத்த உடம்பு, அடர்ந்த தாடி. தரையில் சம்மணம் போட்டு, மோட்டார் உருளையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்றால், யாராவது வந்து தோளைத் தட்டினால்தான் நிமிர்வான்.

அவன் பெண் குழந்தையாகப் பிறந்து, பெண் பெயரோடு பள்ளிக்கூடம் போனவன் என்பது மாரிகுப்பத்தில் அவன் வீடு இருக்கும் லைன் முழுக்கத் தெரியும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள் அவை; சுரங்கம் மூடின பிறகும் அவற்றை விட்டு யாரும் போகவில்லை; ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போக ஒரு சுவர்தான் குறுக்கே. சில வருஷம் பேசினார்கள். ஹார்மோன் ஊசியில் குரல் உடைந்து, தாடி முளைத்து, மார்பு ஆபரேஷனும் முடிந்த பிறகு பேச்சு தானாக அடங்கியது. அவன் அம்மா யசோதரா மட்டும் அடங்கவில்லை. பொண்ணா இருந்தப்பவும் எம்பேச்சைக் கேக்கல, ஆம்பளையானப்புறமும் கேக்கல என்று குழாயடியில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். அவள் தன்னை ஏற்றுக்கொண்டதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை என்று கதிர் இருந்துவிட்டான்.

மிச்சமிருந்தது ஒன்று. அவனால் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க முடியாது. கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கத் தோட்டத்துக்குப் போனால் அன்றைய பொழுது அங்கேதான். கூட வந்த ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்று, பேச்சைக்கூட நிறுத்தாமல் காரியத்தை முடித்துக்கொண்டு வருவார்கள். கதிர் தண்ணீரே குடிக்கமாட்டான். அடக்கி அடக்கி எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வரும். மாத்திரை தின்று தேறுவான். மறுபடி ஒரு தோட்டம், மறுபடி அடக்குவான். தக்காளி போட்டிருக்கும் நாகேஷ் என்ற விவசாயி ஒருமுறை சொம்பை நீட்டியபடி, "இன்னா மேஸ்திரி, ஒட்டகத்துக்குப் பொறந்தியா?" என்று கேட்டான். கதிர் சிரித்து வைத்தான். அன்று வீட்டுக்கு வரும்வரை ஸ்கூட்டரில் உட்கார முடியவில்லை.

அதனால் கீழ் ஆபரேஷனும் செய்துகொள்வதென்று பெங்களூருக்குப் போனபோது அவன் மனசில் இருந்தது நிற்பது ஒன்றுதான். ஆனால் டாக்டரம்மா, எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டபோது அதைச் சொல்லவில்லை. பரத்துக்கு நீங்கள் செய்தது போலவே வேண்டும் என்றான்.

பரத் அவனைப் போலவே பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஒல்லியான தேகம். அவனுடைய இடது முன்கைத் தோலை, அதற்குள் ஓடும் ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, சுருட்டி ஆணுறுப்பாக வைத்துத் தைத்திருந்தார்கள். கையில் வெட்டிய இடத்தைத் தொடைத் தோலால் மூடியிருந்தார்கள். பரத் அதைக் கதிருக்கு ஒளிக்காமல் காட்டினான். அன்றிலிருந்து அதே நினைப்பு. பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைத் தையற்காரரிடம் காட்டி இதே போல என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

டாக்டரம்மா வேறு வகைகளும் உண்டு என்று ஆரம்பித்தார். ஹார்மோனால் ஏற்கெனவே வளர்ந்திருக்கும் சொந்த உறுப்பையே விடுவித்து நிமிர்த்திச் செய்கிற ஒன்று இருக்கிறது, சின்ன ஆபரேஷன், சின்ன அளவு என்றார். சின்ன என்ற சொல் காதில் விழுந்ததும் கதிர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேண்டாம் என்றான். அவரும் வற்புறுத்தவில்லை, வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டார். வலது என்றான். அப்படியானால் இடது கையிலிருந்து எடுக்கலாம் என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

சுருட்டின தோலின் உட்பக்கம்தான் சிறுநீர் போகும் பாதை. அங்கே முடி முளைத்தால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். அதனால் மாதாமாதம் பெங்களூருக்குப் போய் இடது முன்கைக்கு லேசர் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் சூட்டுக்கோல் வைத்தது போல இருக்கும். நாளடைவில் வலது கையில் கரடி முடியும் இடது கையில் பீங்கான் தட்டின் வழவழப்பும் ஆயிற்று. கடைக்காரர் டென்சில் ஆங்கிலோ இந்தியர். அறுபது வயதிலும் ரேடியோ இல்லாமல் வேலை ஓடாது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா மேன், ஒரு கைக்கு மட்டும் கல்யாணம் வச்சிருக்கியா?" என்றார். விஷயம் தெரிந்த ஆள்தான். ஆபரேஷனுக்கு லீவும் அவர்தான் வலிய கொடுத்திருந்தார்.

எல்லாம் கூடி வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கடைசிப் பரிசோதனைக்கு யசோதராவும் கூட வந்தாள். ஆஸ்பத்திரியில் தங்கப்போகிறவள் அவள்தான் என்பதால் தண்ணீர் எங்கே பிடிப்பது, டீக்கடை எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொண்டாள். பிசியோதெரபி அறையில் ஒரு இளம்பெண் கதிரின் கையில் பிடி அளக்கும் கருவியைக் கொடுத்தாள். தோல் எடுப்பதற்கு முன்னால் கைகளின் பலத்தைக் குறித்து வைத்துக்கொள்வது வழக்கமாம். வலது கையால் அழுத்தினான். இடது கையால் அழுத்தினான். முள் இடதுக்கு எங்கேயோ மேலே போய் நின்றது. கருவியில் கோளாறு என்று அவள் வேறொன்று கொண்டுவந்தாள். அதிலும் அப்படியே. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்து, ஸ்பேனர் எந்தக் கையில் பிடிப்பீர்கள் என்று கேட்டாள்.

கதிர் வாயைத் திறப்பதற்குள் யசோதரா பதில் சொன்னாள்.

"எல்லாம் சோத்துக்கைதாம்மா. நான் வளத்த புள்ள."

கதிர் இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

பிறவியிலேயே இடது கைக்காரன் அவன். தவழும்போதே பொம்மைக்கு நீண்டது அந்தக் கைதான். பீச்சாங்கையில் சோறு துன்னா நாளைக்கு எந்தப் பந்தியில ஒக்கார வைப்பாங்க என்று யசோதரா கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி வலதுக்கு மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுத்தை மாற்றினார். சோறும் எழுத்தும் மாறின. ஊருக்குத் தெரிகிற இன்னும் சிலதும், காசு கொடுப்பது, கும்பிட்ட கையில் பிரசாதம் வாங்குவது, மாறின. கண்ணுக்குப் படாததெல்லாம் இடதிலேயே தங்கிவிட்டது. கத்தி, திருப்புளி, கம்பி எல்லாம் இடதுதான். கடையில் மோட்டார் மேல் குனிந்து கிடப்பவனின் எந்தக் கை இழுக்கிறது என்று யார் பார்த்தார்கள்? எந்தக் கை என்று ஒருவர் கேட்டால் ஒழுக்கமாக வளர்ந்தவனா என்று கேட்பது போலத்தான் அவனுக்குப் படும். வலது என்று வாய் தானாகச் சொல்லிவிடும். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னது.

டாக்டரம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா என்றார்.

"எழுதற கையத்தான் கேட்டீங்க டாக்டர்."

அவர் அவன் வலது கையை எடுத்து, முஷ்டியை மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களால் அழுத்தினார். கையைத் திறக்கச் சொல்லி, சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டார். உள்ளங்கை சிவக்க வேண்டும். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் நிறத்திலேயே கிடந்தது. மறுபடி செய்து பார்த்தார். கைக்கு வரும் இரண்டு ரத்தக்குழாயில் ஒன்று இதில் சரியாக ஓடவில்லை, மற்றதை நான் எடுத்துவிட்டால் விரல்கள் பிழைக்காது என்றார். ஆக, வலது கிடையாது. இடதில் எடுக்கலாம், பிடியின் பலம் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும், கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப் போகலாம், மயிரிழையைத் தடவித் தெரிந்துகொள்கிற நுணுக்கம் முன்போலவே இருக்குமா என்பதற்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும். தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

திரும்பும்போது மாரிகுப்பம் ரயிலில் பங்காருப்பேட்டை வரை நெரிசல். அங்கே கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானதும் யசோதராதான் ஆரம்பித்தாள். அந்தக் கையையே எடுக்கட்டும், இன்னொரு கை இருக்கிறதே, அதில் பழகிக்கொள்ளலாம் என்றாள்.

"ஒரு தடவ பழக்கினது போதாதாமா?"

"நான் இன்னா உன்ன கெடுக்கறதுக்கா பண்ணேன்? லைன்ல அத்தினி பொம்பளைங்களும் எங்கிட்டதான கேட்டாங்க, புள்ளைக்கு சோத்துக்கை எதுன்னு சொல்லித் தரலியான்னு. உங்க நைனா ஷிஃப்டுக்குப் பூட்டாரு. பதில் சொல்றது யாரு?"

"இன்னிக்கும் நீதான் பதில் சொன்ன. கேட்டது என்னைத்தான்."

"நீ வாயத் தொறந்தியா? உங்கூடவே இருக்கிறேன், நீ எந்தக் கையில வேல செய்றன்னு எனக்கெப்படித் தெரியும்? வீட்ல ஒரு பல்பு மாட்டியிருக்கியா நீ?"

அது உண்மைதான் என்பதால் அவனுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் காரணமில்லாமல் நின்றது. இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடைக்கு நாகேஷின் மோட்டார் வந்து கிடந்தது. தக்காளி பூவெடுக்கிற நேரம், தண்ணீர் நின்றால் செடி தாங்காது என்று அவன் கடை வாசலிலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டான். கதிர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தான். அம்மா சொன்னது ஒருவேளை நடக்கிற காரியமோ? யாரிடமும் சொல்லாமல் அந்த மோட்டாருக்கு வலது கையால் கம்பி கோக்கத் தொடங்கினான்.

வைண்டிங்கில் கம்பியை இழுப்பது பலத்தால் அல்ல. துளைக்குள் ஏற்கெனவே போன கம்பிகள் மேல் புதுக் கம்பி எப்படி உட்காருகிறது, எங்கே உரசுகிறது என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மொத்தமும் வீண். இடது கை கேட்காமலே செய்வதை வலது கைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இழுத்தான், நின்றான், தளர்த்தினான், மறுபடி இழுத்தான். வியர்வை தாடியில் இறங்கியது. வழக்கமாக முடிகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. நாகேஷ் எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, ஒடம்பு சரியில்லயா? மொதல் நாள் வேலைக்கு வந்தவனாட்டம் பண்றியே" என்றான். கதிர் அவனைப் போய் டீ குடிக்கச் சொன்னான்.

சாயங்காலம் கோத்து முடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, டெஸ்ட் லேம்ப் கம்பியை வைத்தான். எரியக் கூடாத பல்பு பளிச்சென்று எரிந்தது. உள்ளே எங்கேயோ உறை கிழிந்திருக்கிறது. டென்சில் ரேடியோவை அணைத்தார். கதிர் கடையில் சேர்ந்த பிறகு அவன் கோத்த மோட்டாரில் அந்தப் பல்பு எரிந்து அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்கிற குரலில் சொன்னார்.

"உனக்கு வேணும்னா பண்ணிக்கோ மேன், நான் வேணாங்கல. ஆனா பண்ணிட்டு வந்து இந்த மாதிரி மோட்டார் குடுத்தின்னா, அந்தாளுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

கதிர் முழுவதையும் பிரித்துப் போட்டான். பிறகு கம்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். மறுநாள் மத்தியானம் நாகேஷ் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே கதிர் கையைத் துடைத்தான். இந்தக் கையைக் கொடுக்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. அதில் நிம்மதி எதுவும் இல்லை. இத்தனை மாத லேசர், ரயில், காத்திருப்பு எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று என்றுதான் தோன்றியது. பரத்துக்கு போன் செய்தான். பரத் ஆறுதலாக நிறையப் பேசினான். உனக்கென்ன, நீ கீ போர்டைத் தட்டுகிறவன் என்று கதிர் பாதியில் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மறுபடி பெங்களூரு. வேண்டாம் என்று சொல்லியும் யசோதரா வந்தாள். டாக்டரம்மா இந்த முறை தொடையைப் பார்த்தார். முன்கைக்குப் பதில் தொடைத் தோலில் செய்கிறவர்களும் உண்டு. கதிரின் தொடையைக் கிள்ளித் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கொழுப்பு அதிகம், சுருட்டினால் மிகவும் தடித்துப்போகும், அதற்குள் பாதையும் வைத்துச் சுருட்ட முடியாது, பிறகு மெலிய வைக்க ஒன்று, பாதைக்கு ஒன்று என்று ஆபரேஷன் மேல் ஆபரேஷன் ஆகும். பரத் போல மெலிந்த உடம்பாக இருந்தால் யோசிக்கலாம் என்றார்.

கதிருக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கை இல்லை, இந்தக் கை இல்லை, தொடையும் இல்லை. இல்லை இல்லை என்று கேட்பதற்கா விடியற்காலை ரயிலேறி வந்தேன் என்று குரலை உயர்த்தினான். டாக்டரம்மாவும் பேனாவை மேசையில் வைத்தார்.

"பரத்துக்குப் பண்ண மாதிரின்னு வந்தது நீங்க. நானும் சரின்னுட்டேன், என் மேலயும் தப்புதான். பரத்த விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? அத ஒரு தடவ சொல்லுங்க."

"நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு ஆனா, நாலு பேரு கொறை சொல்லாத மாதிரி நல்லபடியா..." என்று யசோதரா ஆரம்பித்தாள்.

"மா. கேக்கறது என்னைத்தான்."

யசோதரா நிறுத்தினாள். முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

கதவு சாத்தினதும் கதிர் சொன்னான். நிக்கணும், அவ்வளவுதான். தோட்டத்துல நாலு பேர் நிக்கற எடத்துல நானும் திரும்பி நின்னு ஒண்ணுக்குப் போகணும். பெருசு சிறுசு யாரும் அளந்து பாக்கப் போறதில்ல. கை வேணும். சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? முதல் நாளே சொல்லியிருந்தால் கையில் அந்தச் சூடு ஒன்றுகூடப் பட்டிருக்காது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். முதலில் அவன் கேட்க மறுத்த அந்தச் சின்ன ஆபரேஷனைத்தான் சொன்னார். ஆனால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே அவனுக்குச் செய்ய முடியாது. உறுப்பை விடுவித்து முன்னால் கொண்டுவர வேண்டும். பாதையை நீட்டக் கன்னத்தின் உள்தோலைக் கொஞ்சம் எடுக்க வேண்டும். அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மேலே கவிந்து மறைக்கும், அதையும் வெட்டித் தூக்கிக் கட்டினால்தான் நிற்கும்போது பேன்ட் நனையாது. ஒரே தடவையில் ஆகாது. தையலில் கசிவு வரலாம், பாதை சுருங்கலாம், மறுபடி சரி செய்ய வேண்டிவரலாம். பிற்காலத்தில் பெரிதாக வேண்டுமென்று தோன்றினால் அதற்கும் வழி அடைபடாது.

"நிக்க முடியுமா, முடியாதா?"

"முடியணும்னுதான் பண்ணப்போறேன். கேரன்டி தர மாட்டேன்."

"நாங்க மோட்டாருக்கே தர்றோம் டாக்டர்."

"மோட்டார முழுசாப் பிரிச்சுப் போட்டுட்டுத் திரும்பக் கோப்பீங்க. உங்கள நான் அப்படிப் பண்ண முடியாது."

கதிர் சிரிக்கவில்லை. சரி என்றான். போன தேதி போனதுதான். மழைக்காலம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார். அதற்கும் சரி என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் வழக்கம்போல எழுந்து கைகழுவப் போகப் பார்த்தபோது அவன் விடவில்லை.

"இப்பக் கேளுங்க. எல்லாத்தையும் கேளுங்க. அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கேட்டார். வேலையில் எப்படி உட்காருவீர்கள் என்றார். சம்மணம் போட்டு, உருளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு என்றான். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் அடிவயிற்றில் துளை வைத்து அதன் வழியாகத்தான் சிறுநீர்க் குழாய் வரும், உருளை அதன் மேலேயே இடிக்கும், தரை வேலை கூடாது என்றார். அப்படியானால் டென்சில் மேசை போட வேண்டும், ரேடியோ வைத்திருக்கும் மேசையைத் தவிர அந்தக் கடையில் மேசை கிடையாது என்றான். தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். லைன் குழாயில் வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்வது என்றான். கக்கூஸ்? வீட்டுக்குப் பின்னால், இரண்டு வீட்டுக்குச் சேர்த்து. புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அது சரிப்படாது, ஆஸ்பத்திரியில் சில நாள் அதிகமாக வைத்திருந்து அனுப்புகிறேன் என்று அவர் சொல்லும்போது கதவைத் திறந்து யசோதரா டீயோடு எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் அடுத்த நோயாளி நின்றுகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா, வேறு ஏதாவது இருக்கிறதா என்றார்.

"இருக்குது," என்றான் கதிர். எழுந்திருக்கவில்லை.